மூண்டு மாதம் கழிஞ்சா கை வராதோ?

4 ஆகஸ்ட் 2024, சாவகச்சேரி வாசகி ஒருவரின் கேள்வி

அப்பாவுக்கு 66 வயது. தை மாதம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. இப்ப தடியோட நடக்கிறார், கதை தெளிவு. கைதான் மடங்கினபடி. "மூண்டு மாதத்துக்குள்ள வந்தது வந்ததுதான், இனி வராது" எண்டு பார்க்க வாற ஆக்களெல்லாம் சொல்லீட்டுப் போகினம். மாமா எண்ணெய்ப் பிழிச்சலுக்குக் கொண்டுபோகச் சொல்றார். லண்டனில இருக்கிற அண்ணா வட்ஸ்அப்பில ஒரு குளிசைப் பேர் அனுப்பியிருக்கிறார். ஏழு மாதம் முடிஞ்சுது. இன்னும் மினக்கெடுறதில பிரயோசனம் இருக்கோ?

4 ஆகஸ்ட், இரவு

இருக்கு. ஏழு மாதம் ஒண்டும் பிந்தினதில்லை.

நான் வைத்தியரில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிச்சுப் பென்சன் எடுத்த ஆள். எனக்கும் இடப்பக்க மூளையில இரத்தக்குழாய் அடைச்சு வலக்கை விழுந்தது. இதை இடக்கையால தட்டுறன், வலக்கை போனைப் பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியால வந்த புதுசில அதுவும் இல்லை.

மூண்டு மாதக் கதை எங்கயிருந்து வந்தது எண்டு முதல் பாப்பம். மூளையில செத்த பகுதி ஒண்டு. அதைச் சுத்தி வீங்கி, வேலை செய்யாமல் மயங்கிக் கிடக்கிற பகுதி இன்னொண்டு. வீக்கம் வத்த, மயங்கினது எழும்ப, நாங்கள் பெரிசா ஒண்டும் செய்யாமலே கொஞ்சம் திரும்பும். அந்தக் கிழமைகளில மூளை புதுத் தொடுப்புகள் போடுறதும் கூட. அதால முன்னேற்றம் கெதியா வரும். மூண்டு மாதமளவில அந்தக் கெதி குறையும். குறையிறதை நிண்டுபோறது எண்டு ஆரோ விளங்கிக்கொண்டு சொல்ல, அது சாவீடு கலியாணவீடு எல்லாம் போய் ஊர்ச் சட்டமாப் போச்சு.

லண்டன் குயின் ஸ்குவேர் ஆஸ்பத்திரியில கைக்கெண்டே ஒரு திட்டம் நடத்தினவை. மூண்டு கிழமை, மொத்தம் 90 மணித்தியாலம் பயிற்சி. 224 பேரின்ர முடிவை 2019 இல வெளியிட்டவை. வந்தவையில பாதிப்பேருக்குப் பாரிசவாதம் வந்து ஒண்டரை வருசத்துக்கு மேல. அவையின்ர கையும் முன்னேறினது, ஆறு மாதம் கழிச்சுப் பார்க்கேக்கையும் அந்த முன்னேற்றம் நிண்டது. உங்கட அப்பா ஏழு மாதம்தான், பிள்ளை.

ஆனா 90 மணித்தியாலம் எண்டதை இன்னொருக்கா வாசியுங்கோ. கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் ஆரோ வந்து கையை மடக்கி நீட்டிப்போட்டுப் போறது இந்தக் கணக்கில சேராது.

5 ஆகஸ்ட்

ஒரு சோதனை. அப்பாவைக் கதிரையில இருத்தி, கையை மேசையில வைச்சு, மணிக்கட்டு விளிம்பால தொங்கட்டும். மேல நிமிர்த்தச் சொல்லுங்கோ. கொஞ்சமாவது எழும்புதோ? மேசையில ஒரு சின்னத் துவாயைப் போடுங்கோ. எப்படியாவது பிடிச்சுத் தூக்கி, பேந்து விடச் சொல்லுங்கோ. பிடிக்கிறது பெரிய காரியமில்லை. விடுறதைப் பாருங்கோ.

6 ஆகஸ்ட்

விடுறார், ஆனா நேரமெடுக்குது எண்டு எழுதியிருக்கிறீங்கள். நல்ல செய்தி. அப்ப அடுத்த கேள்வி: வீட்டில அவர் என்னத்தை வலக்கையால செய்யிறார்? மறுமொழி எனக்குத் தெரியும். ஒண்டுமில்லை. அம்மா குளைச்சுத் தீத்திறா, நீங்கள் பொத்தான் பூட்டுறீங்கள், மிச்சத்தை இடக்கை பாக்குது.

எட்வேர்ட் டோப் எண்டு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். குரங்கின்ர ஒரு கையிலிருந்து போற உணர்ச்சி நரம்பு வேர்களை வெட்டினவர். தசைக்குப் போற இயக்க நரம்பில கை வைக்கேல்லை. எண்டாலும் குரங்கு அந்தக் கையைப் பாவிக்கிறதை விட்டிட்டுது. நல்ல கையைக் கட்டினார். குரங்கு விட்ட கையைத் திரும்பப் பாவிக்கத் தொடங்கிச்சுது. அதாவது ஏலாமல் போனது பாதி, ஏலாது எண்டு பழகினது பாதி. முதல் நாட்களில முயற்சி செய்து தோக்குது, தோத்துத் தோத்து விட்டுவிடுது, பேந்து கொஞ்சம் சக்தி திரும்பினாலும் அதுக்குத் தெரியாது. (1981 இல அவரின்ர ஆய்வுகூடத்தில பொலிஸ் பூந்து குரங்குகளைக் கொண்டுபோனது வேற கதை. தவளை வெட்டின நான் பெரிசா நியாயம் கதைக்கேலாது.)

அதை மனிசருக்குக் கொண்டுவந்தவை. நல்ல கைக்குக் கையுறை, முழிச்சிருக்கிற நேரத்தில 90 சதவீதம், ரெண்டு கிழமை. கூடவே விழுந்த கைக்கு மணித்தியாலக் கணக்கில பயிற்சி. 222 பேரை வைச்சுச் செய்த சோதனை 2006 இல வந்தது. எல்லாரும் பாரிசவாதம் வந்து மூண்டு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள்ள இருந்தவை. உங்கட அப்பாவின்ர காலம்தான். வழமையான கவனிப்பில இருந்தவையை விட இவையின்ர கை நல்லா வந்தது. ஒரு வருசம் கழிச்சும் வித்தியாசம் இருந்தது.

என்ர வீட்டில கையுறையில்லை. பழைய பள்ளிக்கூடச் சொக்ஸ் ஒண்டை இடக்கைக்கு மாட்டி, மணிக்கட்டில இழைக்கயிறு. காலமை எழும்பிப் போட்டா மத்தியானச் சாப்பாடு முடியும்வரைக்கும் கழட்டுறேல்லை எண்டு மனிசியோட ஒப்பந்தம்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. சோத்தைக் குளைக்கிறது அவ்வளவு கரைச்சலில்லை, உள்ளங்கையே செய்யும். பிடியாக்கி எடுக்கிறதில்தான் வந்தது வினை. நாலு விரலும் குவிஞ்சு நிக்கவேணும், பெருவிரல் பின்னால வந்து தள்ளவேணும். என்ர பெருவிரல் உள்ளங்கைக்குள்ள பூந்து ஒளிச்சுக்கொண்டு நிண்டுது. சோத்தை அள்ளினால் அதையும் சேத்து அள்ளுது. வாயடிக்குக் கொண்டுபோகேக்க முழங்கை தானா வெளியில உயர, பருப்பு முழங்கையால வழிஞ்சு சாரத்தில. மனிசி கரண்டியோட வந்தா. வேண்டாம் எண்டு இடக்கைச் சொக்ஸால தள்ளினன். அவ அழுதுகொண்டு குசினிக்குப் போனா. நான் அழுதுகொண்டு சாப்பிட்டன். பருப்புக்கு உப்புக் காணாது எண்டு நினைச்சது ஞாபகம், அது இதால சரிவந்திருக்கும்.

எங்கட ஊரில சோறு வலக்கையால சாப்பிடுறது எண்டது வெறும் வசதியில்லை. சபையில இடக்கையால சாப்பிடேலாமல் கலியாணவீட்டுக்கே போகாமல் விட்ட ஆக்களை எனக்குத் தெரியும். அந்த வெக்கத்தைப் பயிற்சிக்குப் பாவிக்கலாம் எண்டது என்ர கட்சி.

6 ஆகஸ்ட், பின்னேரம்

சொக்ஸ் விசயத்தை ஆரும் உடன தொடங்கிப்போடாதேங்கோ. விரல் ஒண்டும் விரியாத, மணிக்கட்டு எழும்பாத கைக்கு இது சரிவராது. ஆளுக்குச் சித்திரவதை மட்டும்தான் மிஞ்சும். படி ஏறேக்க, கிணத்தடியில, தடி பிடிக்கேக்க, சுடுதண்ணி கிட்ட இருக்கேக்க நல்ல கை வெளியில இருக்கவேணும். பிசியோவிட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

9 ஆகஸ்ட்

எண்ணெய். மாமாமாரோட சண்டை பிடிக்க வேண்டாம். எண்ணெய் பூசித் தடவினால் இறுக்கம் கொஞ்சம் இளகும், தோல் நல்லா இருக்கும், ஆளுக்குச் சுகமா இருக்கும். பரியாரியார் பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைப்பார், அது சும்மா விசயமில்லை. ஆனா தடவுறதுக்குப் படுத்திருக்கிற மூளை ஒண்டையும் பழகாது. மற்ற ஆள் அசைக்கிற கை, தானா அசையிற கையில்லை. எண்ணெய் பூசின கையோட எழுப்பி வேலை குடுங்கோ.

ரெண்டு விசயத்துக்கு மட்டும் நான் சண்டை பிடிப்பன். ஒண்டு, உணர்ச்சி குறைஞ்ச கைக்குச் சுடு ஒத்தடம். ஆளுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வந்தபிறகுதான் மற்றவைக்குத் தெரியும். மற்றது தோள். தசை விழுந்த தோளில எலும்பைப் பிடிச்சு வைச்சிருக்க ஆளில்லை. என்னைக் கட்டிலால எழுப்பவந்த ஒரு சொந்தக்காரர், பாசத்தில, விழுந்த கையைப் பிடிச்சு இழுத்தவர். கை வாறதுக்கு முந்தித் தோள் நோ வந்தது, அது கனகாலம் பயிற்சியையே மறிச்சுக்கொண்டு நிண்டுது. கையில பிடிச்சுத் தூக்காதேங்கோ. கமக்கட்டுக்குள்ளாலயும் தூக்காதேங்கோ. இடுப்புப் பட்டியில பிடியுங்கோ. இதை வீட்டுச் சுவரில எழுதி ஒட்டலாம்.

11 ஆகஸ்ட்

லண்டன் அண்ணா அனுப்பின பேர் புளொக்செட்டின் எண்டால், கதை இதுதான். 2011 இல பிரான்சில 118 பேரை வைச்சு ஒரு சோதனை. மனச்சோர்வுக்குக் குடுக்கிற அந்தக் குளிசை கை, கால் அசைவையும் கூட்டினது எண்டு வந்தது. உலகமே துள்ளிச்சுது. பேந்து பிரித்தானியாவில 3127 பேரை வைச்சுப் பெரிய சோதனை, 2018 கடைசியில முடிவு வந்தது. ஆறு மாதத்தில, நாளாந்த வேலைகள் செய்யிறதில ஒரு வித்தியாசமும் இல்லை. மனச்சோர்வு குறைஞ்சது, எலும்பு முறிவு கூடினது. அண்ணா 2011 ஐ வாசிச்சிருக்கிறார், 2018 ஐ வாசிக்கேல்லை. பெரிய சோதனை நடந்ததும் அவர் இருக்கிற நாட்டிலதான், சொல்லிவிடுங்கோ.

மனச்சோர்வு இருந்தால் அதுக்காக வைத்தியர் தந்தால் எடுக்கிறது வேற விசயம். அதுக்குப் பிறகு வாறன்.

12 ஆகஸ்ட்

தம்பி ஒருவர் கேக்கிறார்: "சேர், நீங்கள்தானே நரம்புக்கலம் பிரியாது, செத்தால் செத்ததுதான் எண்டு படிப்பிச்சனீங்கள். இப்ப வரும் எண்டுறீங்கள்."

படிப்பிச்சனான். செத்த இடம் செத்ததுதான், அதில இப்பவும் மாற்றமில்லை. ஸ்பெயின்காரர் ரமோன் ஈ கஹால் நூறு வருசத்துக்கு முந்தியே, வளந்த மூளையில நரம்புப் பாதைகள் முடிஞ்ச முடிவு, அங்க எல்லாம் சாகலாம், ஒண்டும் திரும்ப முளைக்காது எண்ட கருத்தில எழுதினவர். ஆனா கலம் முளைக்காமலே வேலை திரும்பலாம். 2006 ஆகஸ்டில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டைப் பூட்டினது உமக்கு ஞாபகம் இருக்கோ, இல்லாட்டி அப்ப குழந்தையோ தெரியாது. றோட்டு திறக்கேல்லை. அரிசி கப்பலில வந்தது. பிந்தி வந்தது, விலை கூட, சிலநேரம் வராமலும் விட்டுது. ஆனா யாழ்ப்பாணம் சாப்பிட்டுது. மூளையும் மிஞ்சின பாதையளால, பக்கத்து இடங்களால, சிலவேளை மற்றப் பாதி மூளையாலயும் கொஞ்சம், வேலையை அனுப்பும். அதுக்கு அந்தப் பாதையால திருப்பித் திருப்பி ஏதாவது போகவேணும்.

பெத்ரோ பாக்-இ-ரித்தா எண்ட கத்தலானியக் கவிஞர், நியூயோர்க்கில பேராசிரியர். 1950களின்ர கடைசியில பாரிசவாதம். நடக்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை. வழமையான சிகிச்சை சரிவரேல்லை எண்டு மருத்துவ மாணவனான மகன் ஜோர்ஜ் வீட்டுக்குக் கொண்டுபோய், முதல் தவழப் பழக்கினவர். தோள் சுவரில உரசிக்கொண்டு தவழுறார், ஊர்ச்சனம் மகனைத் திட்டுது. நிலத்தில மாபிள் உருட்டி விழுந்த கையால பிடிக்கவிட்டவர், சட்டி பானை கழுவவிட்டவர். மனிசன் திரும்பப் படிப்பிக்கப் போனார். 1965 இல மலையேறப் போன இடத்தில மாரடைப்பால செத்தார். மூளையை வெட்டிப் பார்த்தால், மூளைத்தண்டில வந்த பெருஞ்சேதம் அப்படியே கிடக்குது, ஆறவேயில்லை. அந்தச் சேதத்தோடதான் அவர் மலையேறினவர். மற்ற மகன் போல் பாக்-இ-ரித்தா அதைப் பார்த்துத்தான் தன்ர ஆராய்ச்சியையே இந்தப் பக்கம் திருப்பினவர்.

12 ஆகஸ்ட், இரவு

மேல எழுதின பெத்ரோ கதையைத் திருப்பி வாசிக்க எனக்கே கொஞ்சம் அந்தரமா இருக்கு. இப்படியான கதையளை வாசிச்சுப்போட்டுப் பிள்ளையள் தகப்பனைத் தவழவிடப் போகினம். அது ஒரு மனிசனின்ர கதை. முழுநேரமும் கூட நிக்க ஒரு மகன் இருந்தவர். எவ்வளவு முயற்சி செய்தும் கை வராதவையும் இருக்கினம். மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குப் போற பிரதான நார்க்கட்டு முழுக்க அறுந்திருந்தால் அனுப்ப வழியே குறைவு. அவைக்குப் பஞ்சி எண்டு சொல்லுறது பாவம்.

14 ஆகஸ்ட்

எனக்கு முழுசா வந்ததோ எண்டு கேட்ட அக்காவுக்கு. இல்லை. பேனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில பிடிக்கிறேல்லை. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில செருகி, தோளால எழுதுறன். ட, ப, ம எல்லாம் முதல் வந்தது, மூலையளுள்ள எழுத்து. இ, ஞ, ஐ இப்பவும் சுழிக்கேக்க விழுந்துபோகும். கரும்பலகையில பெரிசா எழுதினால் வடிவா வருது, கொப்பியில வராது.

இது கை வந்ததோ, இல்லாட்டி நான் வேற வழியால சமாளிக்கிறனோ? ரெண்டும் வேற வேற. புத்தகக்காரர் சமாளிக்கிறதைக் கொஞ்சம் இளக்காரமாப் பாக்கிறவை. கெதியாச் சமாளிக்கப் பழகினால் உண்மையான அசைவு வராமலே போகும் எண்டு அவைக்குப் பயம், அதில நியாயமும் இருக்கு. என்ர நிலைப்பாடு: முதல் மாதங்களில சமாளிப்பைத் தள்ளிப்போடுங்கோ. பேந்து வெக்கப்படாமல் சமாளியுங்கோ. பென்சன் படிவத்தில கையெழுத்து வைக்கிறவனிட்டை எந்த விரலால வைச்சாய் எண்டு ஆரும் கேக்கிறேல்லை.

17 ஆகஸ்ட்

புதுசா வருத்தம் வந்த ஆக்களின்ர வீட்டார் இதை வாசிக்கினம் போல கிடக்கு. மூண்டு மாதக் கதையை நான் பகிடி பண்ணினதால அந்த மூண்டு மாதம் முக்கியமில்லை எண்டு எடுக்காதேங்கோ. அதுதான் பொன்னான காலம்.

ஆனா முதல் நாளே பிடிச்சு எழுப்பவும் வேண்டாம். 2104 பேரை வைச்சு 2015 இல வந்த சோதனை ஒண்டில, முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளயே அடிக்கடி எழுப்பி நடத்தினவையின்ர நிலைமை மூண்டு மாதத்தில கொஞ்சம் மோசமாயிருந்தது. கொஞ்சம் பொறுத்து, சின்னச் சின்னதா.

அதுக்கும் முந்தி: வாய் கோணினால், கை விழுந்தால், கதை குழறினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. அடைப்பாலதான் எண்டு ஸ்கானில உறுதியானால் இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு. நூல் கட்டுறது, பார்வை பாக்கிறது எல்லாம் பேந்து ஆறுதலாச் செய்யலாம்.

20 ஆகஸ்ட்

செல் (எறிகணை) துண்டு பட்ட கையைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்கினம். அது வேற பாடம். மூளையும் முள்ளந்தண்டும் ஒரு பக்கம், அதிலிருந்து வெளிக்கிட்டுக் கைகாலுக்குப் போற நரம்பு மற்றப் பக்கம். வெளிநரம்பு முளைக்கும்! நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். நரம்பிழை அறுந்தாலும் அதைச் சுத்தியிருக்கிற ஷ்வான் கலங்களின்ர குழாய் மிஞ்சியிருந்தால், அதுக்குள்ளால வளந்து போகும்.

என்னட்டைப் படிச்ச ஒருவனுக்கு மேற்கையில துண்டு பட்டு மணிக்கட்டு தொங்கிப்போச்சு. ஆரை நரம்பு. கணக்குப் பாருங்கோ: காயத்திலிருந்து தசை வரைக்கும் 15 சென்ரிமீற்றர் எண்டால் 150 நாள், தொடக்கத் தாமதத்தையும் சேத்தால் அரை வருசம். அவன் ஒவ்வொரு கிழமையும் நரம்பு போற வழியில விரலால தட்டிப் பார்ப்பான். எந்த இடத்தில மின்சாரம் அடிச்சமாதிரிச் சுள்ளிடுதோ அங்க பேனையால புள்ளி. புள்ளி கீழ கீழ இறங்கினது. இதை 1915 இல பிரெஞ்சுக்காரர் டினெல் எழுதிவைச்சவர், அதுவும் யுத்தக் காயம் பார்த்துத்தான். தசை வழிய ஆட்டமில்லாத காலத்தில அந்தப் புள்ளியள்தான் அவனுக்கு ஒரே ஆறுதல். பேந்து மணிக்கட்டு எழும்பினது.

ஆனா வெளிநரம்புக்கும் கெடு இருக்கு. நரம்பு வராமல் ஒண்டு, ஒண்டரை வருசம் கிடந்த தசை நாராப்போகும், அதுக்குப் பிறகு நரம்பு வந்தும் பிரயோசனம் குறைவு. மோட்டச்சைக்கிளில விழுந்து கழுத்துக்கும் தோளுக்கும் இடையில நரம்புப் பின்னல் பிய்ஞ்ச பெடியள் கனபேர். "தானா வரும்" எண்டு ஒரு வருசம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் சத்திரசிகிச்சைக்குரிய காலம் போயிடும். ஆறு மாதத்துக்குள்ள அதுக்குரிய வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.

23 ஆகஸ்ட்

பனையால விழுந்த சித்தப்பாவைப் பற்றி எழுதின தம்பிக்கு. மரமேறக் காலில மாட்டுற தளைநார் அறுந்து, நாரி முறிஞ்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சியில்லை. எங்கட சீவல் தொழிலாளர் குடும்பங்களில இது தெரியாத வீடு குறைவு.

முள்ளந்தண்டுக்குள்ள நரம்பு ஏன் முளைக்கேல்லை? முளைக்கத் தெரியாமலில்லை. 1980களில ரெண்டு விசயம் தெரிஞ்சுது. கனடாவில அகுவாயோ குழுவினர் வெளிநரம்புத் துண்டொண்டை ஒட்டிவிட, முள்ளந்தண்டு நரம்பிழை அதுக்குள்ளால வளந்து போனது. சுவிற்சர்லாந்தில மார்ட்டின் ஷ்வாப், மூளை முள்ளந்தண்டு நரம்புகளைச் சுத்தியிருக்கிற கொழுப்புறையிலயே வளராதே எண்டு தடுக்கிற பொருள் இருக்கு எண்டு காட்டினவர். அதோட காயத்தழும்பும் மறிக்கும். அந்தத் தடையை நீக்குற மருந்து தேடித் தேடி இப்பவும் கடையில வாங்கிற ஒண்டும் இல்லை.

முள்ளந்தண்டுக்கு மேல மின்வாய் வைச்சுத் தூண்டி நிக்கவைச்சது 2011 இல, நடக்கவைச்சது 2018 இல. 2023 இல மூளையில வைச்ச கருவியாலயும் முள்ளந்தண்டுக் கருவியாலயும் ஒரு நெதர்லாந்துக்காரர் தான் நினைச்சபடி நடந்தவர். உண்மை. ஆனா யூரியூப்பில அதைப் பாத்துக்கொண்டிருக்கிற நேரத்தில சித்தப்பாவைப் பிரட்டிப் படுக்கவையுங்கோ. 1944 இல இங்கிலாந்து ஸ்டோக் மண்டவிலில குட்மன் எண்ட வைத்தியர் வரும்வரைக்கும் முள்ளந்தண்டு முறிஞ்ச ஆக்களில கனபேர் படுக்கைப்புண்ணாலயும் சலக்கிருமியாலயும் கெதியாச் செத்தவை. அவர் செய்த பெரிய புரட்சி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிரட்டிவிட்டதும், சலப்பையைச் சுத்தமாப் பாத்ததும், பேந்து வில்லும் அம்பும் குடுத்து விளையாட விட்டதும். அந்த விளையாட்டுத்தான் பேந்து பராலிம்பிக்ஸ் ஆச்சுது.

23 ஆகஸ்ட், சேர்க்கை

நீரிழிவால கால் எரியிறது பற்றிக் கேக்கிற ஆக்கள் தனியாக் கேளுங்கோ. சுருக்கம்: சீனியைக் கட்டுப்படுத்துங்கோ, பாதத்தைத் தினமும் பாருங்கோ, வெறுங்காலோட கோயில் வீதி சுத்தேக்க கவனம். ஆவணி வெய்யிலில நல்லூர் மண் சுடும், உணர்ச்சி குறைஞ்ச பாதத்துக்கு அது தெரியாது.

27 ஆகஸ்ட்

பேச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தண்ணி எண்டு சொல்ல வராது. கண்ணீர் வரும், சொல் வராது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கேக்க மனிசி தேவாரம் எடுத்துக்குடுத்தா, முழுப் பாட்டும் சொல் பிழையாமல் பாடுவார். சனம் உது நடிப்பு எண்டுது. நடிப்பில்லை. பழகின பாட்டு, செபம், ஒண்டு ரெண்டு எண்ணுறது, கிழமைநாள், தூஷணம், இதெல்லாம் புதுசா வசனம் கட்டுற வேலையில்லை. மனப்பாடமா ஓடுறது. 1861 இல பாரிசில புரோக்கா பார்த்த ஆளுக்கு "டான்" எண்ட ஒரே அசைதான் மிஞ்சினது, கோவம் வந்தால் மட்டும் ஒரு தூஷணமும் வந்ததாம்.

இதைப் பிடிச்சுத்தான் 1973 இல அமெரிக்காவில ராகம் போட்டுப் பேசப் பழக்கிற முறை ஒண்டு செய்தவை. "தண்-ணி-தா" எண்டு ரெண்டு சுரத்தில இழுத்து, இடக்கையால தாளம் தட்டி, பேந்து மெல்ல மெல்ல ராகத்தைக் கழட்டிறது. பழகின வசனத்துக்கு உதவும். புது வசனத்துக்கு எவ்வளவு எண்டதில இன்னும் சண்டை. பெரியவர் இப்ப "தேத்தண்ணி" எண்டு மோகனத்தில கேக்கிறார். மருமகளுக்கு மறுக்கேலாது.

28 ஆகஸ்ட்

மோகனமில்லையாம், ஆனந்தபைரவியாம். பேத்தி இங்க வாசிக்கிறா.

1 செப்டெம்பர்

பிள்ளை, அப்பா "தினமும் பயிற்சி செய்யிறன்" எண்டு சொல்லுறார் எண்டு எழுதியிருந்தீங்கள். எத்தினை தரம்? அமெரிக்காவில சிகிச்சை அமர்வுகளை இருந்து எண்ணிப் பார்த்து 2009 இல எழுதினவை, ஒரு அமர்வில கையால செய்யிற உருப்படியான வேலை சராசரி 32 தரம். மிருகங்களில மூளை மாறினதைக் காட்டின ஆய்வுகளில நாளுக்குப் பல நூறு தரம். இடைவெளி விளங்குதோ?

சும்மா விரலை மடக்கி நீட்டச்சொன்னால் நூறு வராது. அலுப்படிக்கும். வேலை குடுங்கோ. முருங்கையிலை உருவுறது எனக்கு வாச்ச பயிற்சி. காம்பை இடக்கை பிடிக்க, வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் இலையைக் கிள்ளவேணும். ஒரு நெட்டில எவ்வளவு இலை எண்டு பாருங்கோ, நூறுக்கு எண்ணவே தேவையில்லை. உடுப்புக் கிளிப்பைக் கொடியில பூட்டிக் கழட்டிறது. உளுந்தில கல்லுப் பொறுக்கிறது. ஆமைப்பூட்டில திறப்பைப் போட்டுத் திருப்புறது, இது கடைசியாத்தான் வரும், மணிக்கட்டும் விரலும் ஒண்டாத் திரும்பவேணும். தையில பனங்கிழங்கு வரட்டும், தும்பு கிழிக்கிற வேலை அப்பாவுக்கு.

கொஞ்சம் கஷ்டமா இருக்கவேணும், பத்தில ஏழெட்டாவது சரிவரவேணும். எல்லாம் சரிவந்தால் லேசு, கூட்டுங்கோ. எல்லாம் பிழைச்சால் ஆள் கைவிட்டிடும்.

3 செப்டெம்பர்

அம்மா தீத்திறதை நிப்பாட்டேலாது எண்டுறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதுதான் இந்த வருத்தத்தில கஷ்டமான இடம். தகப்பன் சோத்தோட போராட, தாய் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது எண்டால் ஊர் என்ன சொல்லும். என்ர மனிசிக்கு நான் ஒரு வேலை குடுத்தன்: நான் சாப்பிட்டு முடியும்வரைக்கும் நீ கிணத்தடியில உடுப்புத் தோய். பாராமல் இருந்தால்தான் அவவாலயும் ஏலும்.

7 செப்டெம்பர்

மனச்சோர்வுக்குப் பிறகு வாறன் எண்டனான். பாரிசவாதம் வந்தவையில ஏறத்தாழ மூண்டில ஒருவருக்கு வாறது. அப்பா பேசாமல் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தால் அது பஞ்சியுமில்லை, பிடிவாதமுமில்லை. அந்த மனநிலையில முருங்கையிலை உருவச் சொல்லி வற்புறுத்தினால் சண்டைதான் வரும். முதல் அதுக்கு மருந்தெடுங்கோ.

22 செப்டெம்பர்

வாசகி எழுதியிருக்கிறா: அப்பா இப்ப தேத்தண்ணிப் பேணியை வலக்கையால பிடிக்கிறாராம், அரைப் பேணி எண்டால் சிந்தாதாம். முழுப் பேணி இல்லையாம். பொத்தான் இன்னும் இல்லை. "இவ்வளவுதானோ" எண்டும் கேட்டிருக்கிறா. இவ்வளவுதான், இந்த வேகத்தில்தான். ஏழு மாதத்துக்கு மேல மாதத்துக்கு ஒரு வேலை வந்தால் எங்கட வீட்டில பாயாசம் வைக்கிறது.

29 செப்டெம்பர்

விரல் அசையாத ஆளுக்கு ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டவருக்குக் கண்ணாடி. சென்னை ஸ்டான்லியில படிச்ச எங்கட ஆள் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவைக்கு இல்லாத கையில வாற நோவுக்கு எண்டு 1990களில செய்தது. நடுவில கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அதுக்கு முன்னால அசைக்க, கண்ணுக்கு விழுந்த கை அசையிற மாதிரித் தெரியும். பேந்து பாரிசவாதக் கைக்கும் பாவிக்கத் தொடங்கினவை. ஓரளவு பலன் உண்டு எண்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவையும் சொல்லினம். அற்புதமில்லை. ஆனா செலவு குறைவு, ஆபத்தில்லை, அசையாத கைக்கும் செய்யலாம்.

30 செப்டெம்பர்

கண்ணாடி அளவு கேட்டவைக்கு: முழங்கைக்குக் கீழ விரல் நுனிவரைக்கும் மறைக்கவேணும். ஒண்டரை அடி நீளம், ஒரு அடி உயரம் காணும். நெஞ்சுக்கு நேர நிறுத்தி, விழுந்த கை பின்னால. மோதிரம், மணிக்கூடு, காப்பு எல்லாம் கழட்டுங்கோ, இல்லாட்டி ரெண்டு கையும் ஒண்டில்லை எண்டு கண் கண்டுபிடிச்சிடும். வெட்டுற கடையில விளிம்பைத் தேய்ச்சுத் தரச்சொல்லுங்கோ, உணர்ச்சியில்லாத கை வெட்டுப்பட்டாலும் தெரியாது. அலுமாரிக் கண்ணாடியைக் கழட்டலாமோ எண்டு கேட்டவர் முதல் வீட்டுக்காரியிட்டக் கேளும். நான் கேட்டனான். கடையில வாங்கினன்.